35 ஊசி, இரண்டு இடைவெளி: ஒரு விழித்திரை நாள அடைப்பின் ஏழு ஆண்டுகள்

2018 செப்டம்பரில் ஒரு காலை. கொழும்பு செட்டியார் தெருவில் நாற்பது வருடமாக நகைக்குக் கல் பதிக்கும் ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து, வழக்கம்போல வலது கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்தினார். மோதிரத்தின் வளையம் தெரிந்தது, கல்லைக் காணவில்லை. கல் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குப் புகை மாதிரி ஒன்று நின்றது. கண்ணாடியைச் சட்டையில் துடைத்துத் திரும்ப வைத்துப் பார்த்தார். புகை போகவில்லை.

வலியோ சிவப்போ இல்லை. முந்தின இரவு நன்றாகத்தான் தூங்கினார். அதனால் கண்ணாடி நம்பர் மாறியிருக்கும் என்று நினைத்து ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார். நம்பர் பார்த்துப் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். புதுக் கண்ணாடியோடும் எழுத்துப் பலகையில் மேல் எழுத்துக்குக் கீழே அவரால் வாசிக்க முடியவில்லை, ஆனால் ஏன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. "பழகினால் சரியாயிடும்" என்றார்களாம். அப்படி மூன்று வாரம் போனது. கண்ணாடி மாற்றியும் ஒரு கண் தெளியவில்லை என்றால் கோளாறு கண்ணுக்குள் இருக்கலாம் என்பதை இதை வாசிப்பவர்கள் மறக்காமல் இருந்தால் எனக்கு அதுவே போதும்.

ஒக்டோபர் முதல் வாரத்தில் அவர் எங்கள் கண் கிளினிக்குக்கு வந்தார். அப்போது வயது 61. அன்றிலிருந்து 2025 வரை அவருடைய வலது கண்ணை நான் பார்த்து வருகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதல் நாள் கண்டவை

வலது கண்ணில் பார்வை 6/60, அதாவது சாதாரணக் கண் 60 மீற்றரில் வாசிப்பதை இவர் 6 மீற்றரில்தான் வாசிக்கிறார். இடது கண்ணில் 6/9. குருதி அமுக்கம் 176/104. பிரசர் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு டொக்டர், தலை இடிச்சால் போடுவன்" என்றார். சீனி அளவு பரவாயில்லை, கொலஸ்ட்ரோல் கூடுதல்.

கண்ணுக்குள் பார்த்தபோது சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை. பார்வை நரம்பின் தலை வீங்கியிருந்தது. அதில் வந்து சேரும் நாளங்கள் நான்கு பக்கமும் தடித்து, பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தன. விழித்திரை முழுக்கத் தீக்கொழுந்து வடிவில் குருதிக் கசிவுகள். விழித்திரை மைய நாளம் அடைபட்டிருக்கிறது. விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி படத்தில், நடுப் பார்வை தரும் மஞ்சட்பொட்டின் நடுத் தடிப்பு 612 மைக்ரோன். சாதாரணமாக இது 250 மைக்ரோனை ஒட்டியே இருக்கும்.

கண் அமுக்கம் வலதில் 20, இடதில் கூடுதலாக 25. இடது கண்ணில் அவருக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனால் நாளம் அடைபட்ட கண்ணில் அமுக்கம் கொஞ்சம் இறங்கித் தெரிவது வழக்கம், ஆகவே உண்மையைச் சொல்வது மற்றக் கண்தான். இடது கண்ணில் நரம்பின் நடுக் குழிவும் பெரிதாக இருந்தது. அவருக்குத் தெரியாமலே, பார்வை நரம்பு மெல்லத் தேயும் குளுக்கோமா நோய் தொடங்கியிருந்தது. பிரசர், கொலஸ்ட்ரோல், குளுக்கோமா, அறுபது தாண்டிய வயது என்று இந்த நோய்க்கு வழி திறக்கும் காரணங்கள் பெரும்பாலும் அவரிடம் இருந்தன.

என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்ல நான் பயன்படுத்திய உதாரணம் கொழும்புக்காரர்களுக்கு உடனே விளங்கும். ஒரு மணித்தியாலம் அடித்து மழை பெய்தால் கொட்டாஞ்சேனையில் கான் அடைத்து வீதியெல்லாம் தண்ணீர் நிற்கும். விழித்திரையிலும் அதுதான் கதை. குருதியைக் கொண்டுவரும் நாடியும் கொண்டுபோகும் நாளமும் பார்வை நரம்பின் சல்லடை போன்ற ஓர் இடுக்கில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. பிரசரால் நாடி தடித்துக் கல்லானால் பக்கத்தில் இருக்கும் மெல்லிய நாளம் நசுங்கும். அங்கே குருதி தேங்கி உறையும். உள்ளே வருவது வந்துகொண்டே இருக்க, வெளியே போக வழியில்லாமல் நீரும் குருதியும் விழித்திரைக்குள் கசியும். குருதி ஓட்டம் குறைந்த விழித்திரை ஒட்சிசனுக்கு ஏங்கி விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கும். அது குருதிக்கலன்களை இன்னும் கசிய வைக்கும், கூடவே வேண்டாத இடத்தில் புதுக் கலன்களையும் முளைக்க வைக்கும்.

நாம் போடும் ஊசி இந்தப் புரதத்தைத்தான் பிடித்துக் கட்டுகிறது. வீதியில் நிற்கும் தண்ணீரை இறைக்கிறது, கானின் அடைப்பை எடுப்பதில்லை. "அப்ப எத்தினை ஊசி போடவேணும் டொக்டர்?" என்று அவர் கேட்டார். "கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்" என்றேன். அது சரியான பதில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று செய்த மூன்று பரிசோதனைகளையும் எழுத வேண்டும். கண்மணியில் மாறி மாறி ஒளி அடித்துப் பார்த்தோம். வலது கண்மணி சரியாகவே சுருங்கியது. சாயம் ஏற்றி எடுத்த படத்தில் குருதி ஓடாத விழித்திரைப் பரப்பு, பார்வை நரம்புத் தலையின் பரப்பைப்போல் பத்து மடங்குக்குக் குறைவு. மருந்து விட்டுக் கண்மணியை விரிக்க முன்னரே, கண்ணின் நீர் வெளியேறும் இடமான முன்கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தோம், புதுக் கலன்கள் இல்லை. மூன்றும் சேர்ந்து சொன்னது: கண் வீங்கியிருக்கிறது, ஆனால் பட்டினி கிடக்கவில்லை. மைய நாள அடைப்பில் நல்ல வகை இது.

முதல் ஆண்டு

2010க்கு முன்னால் என்றால் இவரிடம் "பொறுத்துப் பார்ப்போம்" என்பதைத் தவிர அதிகம் எதையும் சொல்லியிருக்க முடியாது. மைய நாள அடைப்பில் வீக்கத்துக்கு லேசர் போட்டால் வீக்கம் குறையும், பார்வை கூடாது என்று 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. கிளை நாளம் மட்டும் அடைபட்டவர்களுக்கு 1984 முதலே லேசர் ஓரளவு கைகொடுத்தது. மைய நாளக்காரர்களுக்கு அதுவும் இல்லை. 2010இல் வந்த க்ரூஸ் ஆய்வில் விஇஜிஎஃபைக் கட்டும் ரானிபிசுமாப் மருந்தை மாதம் ஓர் ஊசியாகப் போட்டவர்கள் ஆறு மாதத்தில் சராசரி 14.9 எழுத்து கூடுதலாக வாசித்தார்கள். வெறும் பாசாங்கு ஊசி பெற்றவர்கள் 0.8 எழுத்து. எழுத்துப் பலகையில் ஐந்து எழுத்து ஒரு வரி, ஆகவே 15 எழுத்து என்றால் மூன்று வரி. இந்த நோயைப் பார்க்கும் யாருக்கும் அந்த வருடம் மறக்காது.

நாங்கள் அதே வகை மருந்தான பெவாசிசுமாப் போட்டோம். புற்றுநோய்க்காக வந்த மருந்து, அப்போது கண்ணுக்கென்று அனுமதி பெற்றிருக்கவில்லை. ஒரு குப்பியைக் கிருமி நீக்கிய இடத்தில் பல சிறு ஊசிகளாகப் பிரிப்பதால் விலை பல மடங்கு குறைகிறது. இதையெல்லாம் அவரிடமும் மனைவியிடமும் சொல்லி, கையொப்பம் வாங்கித்தான் தொடங்கினோம்.

கண்ணுக்குள் ஊசி என்றதும் மனிதர் நடுங்கிப் போனார். ஊசியைவிட அதற்கு முன் விடும் அயடீன்தான் எரியும். மரக்கச் செய்யும் சொட்டு, அயடீன், இமை மூடாமல் பிடிக்கும் கம்பி, பிறகு "கீழே பாருங்கோ ஐயா". கருவிழியின் விளிம்பிலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில் மிக மெல்லிய ஊசி. மருந்தின் அளவு ஒரு மில்லிலீற்றரில் இருபதில் ஒரு பங்கு. வெளியே எடுத்ததும் "முடிஞ்சுதா?" என்றார். அன்று முழுக்க அவர் கண்ணில் ஒரு கறுப்புக் குமிழி மிதந்தது, அடுத்த நாள் போய்விட்டது. ஏறக்குறைய ஈராயிரம், மூவாயிரம் ஊசியில் ஒன்றுக்குக் கண்ணுக்குள் கிருமி தொற்றலாம். அதனால் வலி கூடினால், பார்வை மங்கினால் அன்றைக்கே வரச் சொன்னோம். அவருக்கு ஒருதடவையும் அது நேரவில்லை.

குளுக்கோமாவுக்கு டிமோலோல் சொட்டு கொடுத்தோம், இழுப்பு வருத்தம் இல்லை என்று உறுதிசெய்த பிறகு. வேறொரு நல்ல வகைச் சொட்டு மருந்து உண்டு, ஆனால் அது மஞ்சட்பொட்டு வீக்கத்தைக் கூட்டக்கூடும், அதனால் தவிர்த்தோம். பிரசர் மாத்திரையைத் தலை இடித்தாலும் இடிக்காவிட்டாலும் தினம் போட வேண்டும் என்பதை மனைவியிடம் பொறுப்புக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அவர் பிரசர் 140க்கு மேலே போனதாக என் குறிப்பில் இரண்டே தடவைதான் இருக்கிறது.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு 6/18. 2019 மார்ச் நடுவில் போட்ட ஆறாவதுக்குப் பிறகு, மாதக் கடைசியில், 6/12. தடிப்பு 268. மனிதர் பட்டறைக்குத் திரும்பிவிட்டார். பெரிய கல் பதிக்க முடிகிறது, பொடிக் கல் மட்டும் மகன் பதிக்கிறான் என்றார்.

அப்புறம் இடைவெளியை மெல்ல நீட்டினோம். ஏப்ரல் கடைசியில் வர வேண்டியவர். ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அவருடைய வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஊரடங்கு, சோதனை, பயம், மரண வீடுகள். அவர் மே நடுவில்தான் வந்தார், அதாவது ஆறு வாரத்துக்குப் பதில் எட்டு வாரத்தில். தடிப்பு 430, பார்வை 6/24. ஊசி போட்டதும் திரும்ப 6/12க்கு வந்தது. இந்தக் கண்ணுக்கு ஆறு, ஏழு வாரம்தான் எல்லை என்று அன்று தெரிந்துகொண்டோம். அந்த ஆண்டு மொத்தம் எட்டு ஊசி. மே மாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஆறு, ஏழு வாரத்துக்கும் வந்தார், 6/12ஐ விட்டு இறங்கவில்லை.

முதல் இடைவெளி

2020 பெப்ரவரி நடுவில் ஒரு ஊசி. அடுத்தது மார்ச் கடைசியில். மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். மற்ற இடங்களில் இடையிடையே தளர்த்தினாலும் கொழும்பில் மே 26 வரைக்கும் நீடித்தது. கிளினிக் அவசர நோயாளிகளுக்கு மட்டும் என்றானது. அவர் இருந்த பகுதியில் கொரோனா பரவியதால் அயலிலேயே பல குடும்பங்களைத் தனிமைப்படுத்தினார்கள். தொலைபேசியில் பேசினோம். "மங்கல்தான், ஆனால் நோவில்லை" என்றார். நோவில்லை என்பதைக் கேட்டு நானும் ஆறுதல்பட்டேன்.

ஜூன் முதல் வாரத்தில் வந்தார். பதினாறு வாரம். பார்வை திரும்பவும் 6/60, தடிப்பு 540. இவ்வளவையும் நான் எதிர்பார்த்தேன். எதிர்பாராதது, அமுக்கம். வலது கண்ணில் 32. கண்மணியை விரிக்க முன்னர் முன்கோணத்தைப் பார்த்தபோது, அங்கே மெல்லிய சிவப்பு நூல்கள் மாதிரிப் புதுக் கலன்கள் படர்ந்திருந்தன. கண்மணி ஒளிக்குச் சோம்பலாகச் சுருங்கியது. சாயப் படத்தில் குருதி ஓடாத பரப்பு முன்பைவிடப் பல மடங்கு விரிந்திருந்தது. நல்ல வகை என்று நாங்கள் தொடங்கிய அடைப்பு கெட்ட வகையாக மாறிவிட்டது.

இந்த மாற்றம் அபூர்வம் இல்லை. ஊசிகள் வருவதற்கு முந்தின காலத்தில் செய்த அந்த அமெரிக்க ஆய்வில், நல்ல குருதி ஓட்டத்தோடு தொடங்கிய கண்களில் நூற்றுக்கு 34 மூன்று ஆண்டுக்குள் குருதி ஓடாத வகைக்கு மாறின. புதுக் கலன்கள் முன்கோணத்தை அடைத்தால் கண்ணில் நீர் வெளியேற வழியில்லாமல் அமுக்கம் ஏறும். பார்வை முழுதாகப் போவது மட்டுமில்லை, தாங்க முடியாத வலியும் வரும்.

இங்கே என்னுடைய தவறைச் சொல்லியாக வேண்டும். முதல் சாயப் படத்துக்குப் பிறகு இருபது மாதம் நான் இரண்டாவது படம் எடுக்கவில்லை. மஞ்சட்பொட்டு வற்றியிருந்தது, பார்வை 6/12, மனிதர் சந்தோஷமாக இருந்தார். நான் ஓசிடி படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி விஇஜிஎஃபை அடக்கி வைக்கும் காலமெல்லாம், பட்டினி கிடக்கும் விழித்திரை சத்தமில்லாமல் இருக்கும், கலன் முளைக்காது. ஊசி நின்றால் அது வெளிப்படும். அடக்கி வைத்ததை நான் குணமானதாக எடுத்துக்கொண்டேன். அதோடு, நெரிசலான நாட்களில் நான் பார்க்க முன்னரே நோயாளிகளுக்குக் கண்மணி விரிக்கும் மருந்து விட்டுவிடுவது எங்கள் வழக்கமாக இருந்தது. அதனால் 2019 முழுக்க அவருடைய முன்கோணத்தைப் பார்த்ததாக ஒரே ஒரு குறிப்புத்தான் இருக்கிறது. இப்போது எங்கள் பகுதியில் நாள அடைப்பு நோயாளியின் அட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதியிருக்கும்: முதலில் கோணம், பிறகு மருந்து.

அன்றே ஊசி போட்டோம். புதுக் கலன்கள் ஒரு வாரத்துக்குள் வாடின. வாடினதை நம்பி இருக்காமல், மூன்று தடவையில் விழித்திரையின் ஓரப் பகுதிகளுக்குச் சுமார் 1,500 லேசர் சூடுகள் வைத்தோம். பட்டினி கிடக்கும் ஓரத்தை லேசரால் அணைத்துவிட்டால் விஇஜிஎஃப் சுரப்பது குறையும், நடுப் பார்வை காப்பாற்றப்படும். அமுக்கம் இரண்டு வகைச் சொட்டுகளோடு 18க்கு இறங்கியது. அந்த ஆண்டு மொத்தம் ஏழு ஊசி.

கண் தப்பியது, ஆனால் 6/12 திரும்பி வரவில்லை. 6/24இல் நின்றது. ஓசிடி படத்தில் தடிப்பு வற்றினாலும், ஒளியை வாங்கும் கலங்களின் வரிசை நடுவில் அறுந்து அறுந்து தெரிந்தது. நீண்ட நாள் நீரில் ஊறிய கலங்கள் காய்ந்த பிறகும் எழும்பவில்லை.

அன்றைய விதி, புதுக் கலன் தெரிந்த பிறகு லேசர் போடு என்பது. மாதா மாதம் வரக்கூடிய நோயாளிக்கு அது சரி. ஒரு ஊரடங்கோ ஒரு மருந்துத் தட்டுப்பாடோ நாலு மாதத்தைத் தின்றுவிடக்கூடிய இடத்தில், குருதி ஓடாத பரப்பு பெரிதென்று கண்டால் நான் இப்போது காத்திருப்பதில்லை.

துளைத் தகடு

2021 எனக்கு ஒரு பாடம் படிப்பித்த ஆண்டு. படிப்பித்தவர் நோயாளிதான்.

வீட்டில் பார்க்கச் சொல்லி எல்லோருக்கும் கொடுக்கும் கட்டம் போட்ட தாளை அவருக்கும் கொடுத்திருந்தோம். அது அலுமாரியில் கிடந்ததாம். நகைப் பட்டறையில் தங்கக் கம்பியை மெலிதாக்க ஓர் இரும்புத் தகடு இருக்கும். அதில் வரிசை வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் சிறியது. கம்பியைப் பெரிய துளையில் தொடங்கி, ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து நூலளவுக்குக் கொண்டுவருவார்கள். நாற்பது வருடம் கையில் இருந்த தகடு அது. அவர் தினமும் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அந்தத் தகட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாராம். நீர் சேராத நாளில் வரிசை நேராக நிற்கும். நீர் சேரத் தொடங்கினால் நடு வரிசை வளையும், துளைகள் தம் அளவைவிடச் சிறுத்துத் தெரியும்.

அந்த மார்ச்சில் திகதிக்கு ஒன்பது நாள் முன்னராகவே வந்து நின்றார். "டொக்டர், மூண்டாவது வரிசை வளையுது." எழுத்துப் பலகையில் பார்வை ஓர் எழுத்தும் குறையவில்லை. ஓசிடி எடுத்தோம். 330. முந்தின தடவை 255. எங்கள் பலகை காட்டாததை அவருடைய தகடு காட்டிவிட்டது. அன்றைக்கே ஊசி போட்டோம். அதற்குப் பிறகு அவர் சொல்லும் வரிசைக் கணக்கையும் அட்டையில் எழுதத் தொடங்கினேன்.

தைப்பவர்களிடம் அளவு நாடாவைப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். கணக்குப் பிள்ளையிடம் கோடு போட்ட பேரேட்டை. வீட்டு அம்மாமாரிடம் குளியலறை ஓட்டு வரிசையை. நாங்கள் கொடுக்கும் தாள் அந்நியமாகப் போய்விடும், கைக்குப் பழகின பொருள் போகாது.

அந்த ஆண்டு ஆறு ஊசி. அதில் மூன்றுக்குக் குடும்பம் காசு சேர்த்து, அதே வகையில் விலை கூடிய அஃப்லிபர்செப்ட் மருந்தை வாங்கினார்கள். அவருடைய கண்ணில் அது எட்டு வாரம் தாங்கியது. ஆனால் அந்த விலையை அவர்களால் தொடர்ந்து தாங்க முடியவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. 2019இல் வெளிவந்த பிரித்தானியாவின் லீவோ ஆய்வில், மைய நாள அடைப்புக்கு 100 வாரத்தில் அஃப்லிபர்செப்ட் சராசரி 15.1 எழுத்தும், ரானிபிசுமாப் 12.5 எழுத்தும், பெவாசிசுமாப் 9.8 எழுத்தும் கூட்டின. வித்தியாசம் இருக்கிறதுதான். ஆனால் இரண்டு வருடத்தில் ஏழெட்டு ஊசிக்கு வழியுள்ள விலை உயர்ந்த மருந்தைவிட, தவறாமல் போடக்கூடிய மலிவான மருந்தை நான் தேர்ந்தெடுப்பேன்.

ஸ்டீரோயிட் குச்சியைக் கண்ணுக்குள் வைத்தால் மாதக்கணக்கில் தாங்குமே என்று மகன் இணையத்தில் வாசித்துவிட்டுக் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அது கண் அமுக்கத்தை ஏற்றும். குளுக்கோமா உள்ள கண்ணில், அதுவும் புதுக் கலன் முளைத்த கண்ணில், அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

இரண்டாவது இடைவெளி

2022. அந்த ஆண்டைப் பற்றிக் கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, மின்வெட்டு. டொலர் இல்லாமல் மருந்து இறக்குமதி தடுமாறியது. இந்த முறை நோயாளி வந்தார், மருந்து வரவில்லை. மே மாதம் வந்தார், இல்லை. ஜூனில் வந்தார், இல்லை. துளைத் தகட்டில் இரண்டு, மூன்று, நாலு வரிசைகள் வளைந்ததாக அட்டையில் எழுதியிருக்கிறது. எழுதுவதைத் தவிர என்னால் செய்ய முடிந்தது குறைவு. மார்ச்சில் போட்டதற்குப் பிறகு ஜூலையில்தான் அடுத்த ஊசி, அதுவும் பட்டறைத் தெருக்காரர்கள் காசு போட்டுத் தனியார் மருந்தகம் ஒன்றில் தேடி எடுத்தது. திரும்பவும் ஏறக்குறைய பதினாறு வாரம்.

பார்வை 6/36க்கு இறங்கியது. தடிப்பு 470. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் முன்கோணத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஒரு கலன்கூட இல்லை. அமுக்கம் 17. அதே நீளமான இடைவெளி, அதே கண், ஆனால் இந்த முறை ஓரங்களில் லேசர் இருந்தது. பார்வையும் செப்டம்பருக்குள் 6/24க்குத் திரும்பிவிட்டது. அந்த ஆண்டு ஐந்து ஊசி.

வற்றிய பிறகு

2023இல் நாலு ஊசி, 2024இல் இரண்டு. நீர் திரும்ப வரும் காலம் பத்து வாரம், பன்னிரண்டு வாரம் என்று தானாகவே நீண்டது. பார்வை நரம்புத் தலையில் சுருள் சுருளாகச் சில கலன்கள் தெரிந்தன. முதலில் பார்ப்பவர்கள் இவற்றைப் புதுக் கலன் என்று பயப்படுவார்கள். இவை அதுவல்ல, கசியாது. அடைபட்ட பெரிய நாளத்தைச் சுற்றிக் குருதி தனக்குத் தானே வெட்டிக்கொண்ட மாற்று வழிகள். 2024 ஏப்ரலில் 35ஆவது ஊசி. அதற்குப் பிறகு மஞ்சட்பொட்டு வற்றியபடியே இருக்கிறது.

மற்றவர்களின் கணக்கில் இவர் எங்கே நிற்கிறார்? க்ரூஸ் போன்ற ஆய்வுகளில் இருந்தவர்களைச் சராசரி நாலு ஆண்டு பின்தொடர்ந்த ரீடெய்ன் என்ற ஆய்வு 2014இல் வந்தது. மைய நாள அடைப்புள்ள 32 பேரில் 44 வீதத்தினருக்கு வீக்கம் முழுதாக நின்றது. மற்றவர்களுக்கு நாலாவது ஆண்டிலும் சராசரி 5.9 ஊசி தேவைப்பட்டது. கிளை நாளக்காரர்களுக்கு இதைவிடப் பரவாயில்லை: பாதிப் பேருக்கு நின்றது, நிற்காதவர்களுக்கும் நாலாவது ஆண்டில் 3.2 ஊசிதான். நம்மவர் நாலு ஆண்டில் நிற்காத கூட்டம், ஐந்தரை ஆண்டில் நின்றார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லீவோ ஆய்வில் 100 வாரத்துக்குச் சராசரி பத்திலிருந்து பன்னிரண்டு ஊசிதான். நம்மவர் முதல் 100 வாரத்தில் 17 ஊசி போட்டுக்கொண்டவர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர்களைவிட இவருக்குத்தான் நல்ல சிகிச்சை கிடைத்தது. முடிவு அப்படி இல்லை. 17இல் பதின்மூன்று ஊசி சேர்த்து வைத்ததை ஒரு பதினாறு வாரம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. க்ரூஸில் இருந்தவர்களை அடுத்த ஆண்டில் மாதா மாதம் பார்க்காமல், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்த ஹொரைசன் ஆய்விலும், மைய நாளக்காரர்கள் நாலைந்து எழுத்துகளை இழந்தார்கள். அஃப்லிபர்செப்டை வைத்துச் செய்த கொப்பர்னிக்கஸ் ஆய்வில், முதல் ஆறு மாதம் மருந்து கிடைக்காதவர்களுக்குப் பிறகு மருந்து கொடுத்தும், ஓராண்டு முடிவில் அவர்கள் 3.8 எழுத்துதான் ஏறினார்கள், தொடக்கத்திலிருந்தே பெற்றவர்கள் 16.2. ஒருவருடைய கண்ணை வைத்து நான் எதையும் நிறுவ முடியாது. 2020இல் ஊரடங்கு இல்லாவிட்டாலும் அந்தக் கண் கெட்ட வகைக்கு மாறியிருக்கலாம். ஆனால் மாதம் தவறாமல் வந்திருந்தால் அதை 32 அமுக்கத்தில் கண்டிருக்க மாட்டோம்.

அதனால் "எத்தனை ஊசி?" என்று கேட்பவர்களுக்கு இப்போது இப்படிச் சொல்கிறேன்: முதல் ஆறு மாதம் மாதா மாதம். அதற்குப் பிறகு உங்கள் கண் எத்தனை வாரம் தாங்கும் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிப்போம். அந்த வாரக் கணக்குத்தான் உங்கள் கணக்கு, ஊசிக் கணக்கை மறந்துவிடுங்கோ. நாலு ஐந்து வருடம் ஆகலாம் என்று முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ளுங்கோ. ஏதோ ஒரு காரணத்தால் வர முடியாமல் போனால் நோவு வரும்வரை காத்திருக்க வேண்டாம், நோவில்லாமலே போகும் பார்வை இது. கூட்டிவருபவரையும் உட்கார வைத்துத்தான் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றாவது ஆண்டில் திகதியை ஞாபகம் வைத்திருப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

கடைசியாக 2025 செப்டம்பரில் வந்தார். வயது 68. வலது கண் 6/24, தடிப்பு 240, ஊசி இல்லாமல் பதினேழு மாதம். கல் பதிப்பதை முழுதாக மகனிடம் விட்டுவிட்டார். ஒற்றைக் கண்ணை நம்பிப் பற்றவைப்பு வேலை செய்தால் ஊதுகுழலின் நெருப்பு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பிடிபடவில்லை என்றார். தங்கத்தை நிறுப்பதும் கணக்கும் அவர் பொறுப்பு. இடது கண் 6/9, அமுக்கம் 15, பார்வைப் பரப்பில் மேல் மூலையில் சின்ன வெட்டு, இரண்டு வருடமாகக் கூடவில்லை. சொட்டு மருந்தைக் காலையும் மாலையும் மனைவிதான் விடுகிறார்.

போகும்போது சட்டைப் பையிலிருந்து அந்தத் துளைத் தகட்டை எடுத்துக் காட்டினார். இப்போது இடது கண்ணுக்கும் பார்க்கிறாராம், வலதைப் பொத்திக்கொண்டு. எல்லா வரிசையும் நேர். அடுத்த திகதி டிசம்பர் இரண்டாவது வாரம் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன். மனைவி அதை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்தார்.